ஸ்டேட்டஸ், மெமோ, சட்டம்: குமரி மாவட்டத்தில் வேலை பார்ப்போருக்கும் வேலை கொடுப்போருக்கும் முழுமையான வழிகாட்டி

நாகர்கோவில் ஜவுளிக்கடையிலோ மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரியிலோ வேலை பார்க்கும் ஒருவர், மேனேஜரைப் பற்றி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி எழுதப் பத்து தடவை யோசிப்பார். அதே ஆள் நோயாளியின் எக்ஸ்ரேயையோ கடைக்கு வந்த குடும்பத்தின் போட்டோவையோ ஸ்டேட்டஸில் போட ஒரு நொடிகூட யோசிக்க மாட்டார். சட்டம் இதற்கு நேர் எதிராக இருக்கிறது. சொந்தக் கருத்துக்கு நாம் நினைப்பதைவிட அதிகப் பாதுகாப்பு உண்டு. அடுத்தவர் விவரத்தை வெளியிட நாம் நினைப்பதைவிடக் குறைந்த உரிமையே உண்டு. வேலை போன கதைகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில் தடுக்கி விழுந்தவைதான் என்பது எங்கள் கணிப்பு.

எந்தச் சட்டம் யாருக்கு

"வேலையிடத்தில் சமூக வலைத்தளம்" என்று ஒரே சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. பல சட்டங்களிலிருந்து துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு நேராகக் கேள்வி கேட்பது பெரும்பாலும் அரசையும் அரசு நிறுவனங்களையும்தான். தனியார் கடை, கிளினிக், கல்லூரி என்றால் கைகொடுப்பது 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2013-ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, கூடவே 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களுக்கான பெரும்பாலான கடமைகளுக்கு அதில் 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவும் அதன் 2011-ஆம் ஆண்டு விதிகளும்தான் பிடிமானம். பாஸ்வேர்டு, வங்கி விவரம், உடல்நலம், மருத்துவப் பதிவு, கைரேகை ஆகியவற்றை அந்த விதிகள் "நுண்ணிய தரவு" என்று வகைப்படுத்துகின்றன. ஒற்றை முதலாளி நடத்தும் கடையும் கிளினிக்கும்கூட இதற்குள் அடங்கும்.

"66-ஏ-யில் கேஸ் போட்டுவிடுவேன்" என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை 2015 மார்ச் 24 அன்றே உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. செத்த பிரிவை வைத்து மிரட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

போடும் முன்: படத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஒரு நர்ஸ் ஸ்டேஷனில் சக ஊழியரின் பிறந்தநாள். கேக் வெட்டும்போது ஒரு படம் எடுக்கிறார்கள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. பின்னால் சுவரில் வெள்ளைப் பலகை: கட்டில் எண், நோயாளியின் பெயர், வயது, "எச்ஐவி ரியாக்டிவ்" என்ற குறிப்பு. ஸ்டேட்டஸில் போட்டால் படத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். போட்டவருக்குக் கேக் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கும். ஒருவரின் எச்ஐவி நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளிப்படுத்துவதை 2017-ஆம் ஆண்டு எச்ஐவி-எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது. "தெரியாமல் வந்துவிட்டது" என்ற பதில் விசாரணை அதிகாரியிடம் எவ்வளவு எடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே படத்தைப் போடும் முன் நடுவில் இருக்கும் முகத்தை விட்டுவிட்டு, நான்கு மூலைகளையும் பாருங்கள். பலகை, கம்ப்யூட்டர் திரை, மேசையில் கிடக்கும் கேஸ் ஷீட், பில், கண்ணாடியில் தெரியும் பிம்பம். இவற்றில் ஏதாவது இருந்தால் வெட்டி எடுங்கள். விரலால் தேய்த்து மங்கலாக்குவது போதாது. சில ஆப்களில் கறுப்புப் பேனாவால் அடித்தாலும் அது முழுசாக மறைக்காது. வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எழுத்து தெரிந்துவிடும்.

தொழில்வாரியாக எங்கே இடறுகிறது என்று பார்ப்போம்.

ஆஸ்பத்திரி, லேப், மெடிக்கல் ஸ்டோர்: நோயாளியின் பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. "குளச்சலில் இருந்து வந்த மீனவர், 45 வயது, நேற்று இரவு படகில் விபத்து" என்று எழுதினால் அந்த ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். மாவட்டம் சிறியது, ஊர்கள் இன்னும் சிறியவை. டாக்டர்களுக்கு 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்கு விதிகளே நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. மற்ற ஊழியர்களை நியமன ஒப்பந்தமும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72-ஏ பிரிவும் கட்டுப்படுத்துகின்றன. ஒப்பந்தப்படி சேவை கொடுக்கும்போது கைக்கு வந்த தனிநபர் விவரத்தை, தீங்கு நேரும் என்று தெரிந்தே ஒப்பந்தத்தை மீறி வெளியிடுவதைப் பற்றிய பிரிவு அது. கஷ்டமான கேஸில் சீனியரிடம் யோசனை கேட்க ரிப்போர்ட்டை அனுப்புவது வேறு விஷயம். அதை அந்த டாக்டருக்குத் தனியாக அனுப்புங்கள். 200 பேர் இருக்கும் குரூப்பில் போடாதீர்கள்.

பள்ளி, டியூஷன், நடனப் பள்ளி: புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். அவர்கள் விவரத்தைக் கையாள நிறுவனம் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தை வாங்க வேண்டியிருக்கும். ஆண்டுவிழா வீடியோவை டீச்சர் தன் சொந்த இன்ஸ்டாகிராமில் போடுவதும் பள்ளியின் பக்கத்தில் போடுவதும் ஒன்றல்ல. பெற்றோர் சம்மதப் படிவத்தில் பள்ளிப் பக்கத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டிருப்பார். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தை என்றால் பெயர், பள்ளி, தெரு, உறவினர் எதையும் கோடிகாட்டக்கூட முடியாது. போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அதற்குச் சிறைத்தண்டனை உண்டு.

கன்னியாகுமரி லாட்ஜ், ஹோம் ஸ்டே: வருகிறவரின் ஆதாரை ரிசப்ஷன் ஊழியர் தன் சொந்தப் போனில் படம் எடுத்து, முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது இங்கே தினசரி வழக்கம். சீசனில் ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது ஆதார் அந்தப் போன் கேலரியில் சேரும். ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது அத்தனையும் அவர் கூடவே போகும், கூகுள் போட்டோஸில் பேக்கப்பும் ஆகியிருக்கும். ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதை ஆதார் சட்டமே தடுக்கிறது. லாட்ஜுக்கென்று ஒரு போன், அதில் பேக்கப் அணைப்பு, முடிந்தவரை கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார்: இவ்வளவுதான் தேவை.

நகைக்கடை, சூப்பர் மார்க்கெட்: "இந்தப் பெண் நம் கடையில் திருடினாள், ஷேர் செய்யுங்கள்" என்று சிசிடிவி கிளிப்பைப் பரப்பாதீர்கள். கிளிப்பை பென் டிரைவில் போட்டுப் போலீஸிடம் கொடுங்கள். ஆள் மாறியிருந்தால் அவதூறு வழக்கு கடைக்காரர் மீதும் பரப்பிய ஊழியர் மீதும் சேர்ந்தே வரும்.

மகேந்திரகிரி இஸ்ரோ மையம், கூடங்குளம் அணுமின் நிலையம் போன்ற இடங்களுக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. கேட்டுக்கு உள்ளே படமே எடுக்காதீர்கள். 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் வரைக்கும் போகக்கூடிய விஷயம் அது.

மேனேஜரைப் பற்றி எழுதலாமா?

எழுதலாம், அளவோடு. குமரி மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குள் வருகிறது. அந்தக் கிளையே 2023-இல் இதைப் பற்றித் தெளிவாகப் பேசியிருக்கிறது. ஒரு கிராம வங்கி ஊழியர், சக ஊழியர்கள் மட்டும் இருந்த வாட்ஸ்அப் குரூப்பில் நிர்வாகத்தைக் கிண்டல் செய்து எழுதினார். வங்கி குற்றச்சாட்டு மெமோ கொடுத்தது. நீதிமன்றம் மெமோவை ரத்து செய்தது. நிர்வாகத்தின் மீது ஊழியர்களுக்கு மனக்குறை இருப்பது இயல்பு, அதைத் தங்களுக்குள் கொட்டித் தீர்க்க அவர்களுக்கு உரிமை உண்டு, சட்டத்துக்குப் புறம்பாகப் போகாதவரை தனிப்பட்ட குரூப் பேச்சுக்கு நடவடிக்கை எடுக்க முடியாது என்பதே அதன் சாரம்.

இந்தத் தீர்ப்பை எல்லாவற்றுக்கும் கவசமாக எண்ணிவிடக் கூடாது. அது மூடிய குரூப்பைப் பற்றியது. ஃபேஸ்புக்கில் உருண்டை உலகப் படம் போட்ட பொதுப் பதிவுக்கும், கூகுள் ரிவியூவுக்கும் அதே நிழல் முழுசாகக் கிடைக்காது. மூடிய குரூப்பாக இருந்தாலும் கீழே உள்ளவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை:

- பெண் ஊழியர்களைப் பற்றிய ஆபாசப் பேச்சு, படம்.
- சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது.
- கம்பெனியின் விலைப்பட்டியல், டெண்டர் தொகை, வாடிக்கையாளர் பட்டியல்.
- "மேனேஜர் பணத்தைத் திருடுகிறார்" போல, ஆதாரமில்லாமல் ஒருவர் மீது வைக்கும் குறிப்பான குற்றச்சாட்டு.

கடைசியாகச் சொன்னது அவதூறு. நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு, 2 வருடம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. கம்பெனியைப் பற்றி எழுதினாலும் இது பொருந்தும். "உண்மையைத்தானே எழுதினேன்" என்பது மட்டும் குற்ற வழக்கில் போதாது. பொது நன்மைக்காக எழுதியது என்றும் காட்ட வேண்டும். ஆனால் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நம் ஊழியர்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை. நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது. சம்பளம் தரவில்லை, பிஎஃப் கட்டவில்லை என்றால் ஸ்டேட்டஸில் எழுதுவதைவிட அதே வாசகத்தை நாகர்கோவில் தொழிலாளர் அலுவலகத்துக்கோ பிஎஃப் அலுவலகத்துக்கோ மனுவாகக் கொடுங்கள். சட்டப் பாதுகாப்பும் கிடைக்கும், பலனும் கிடைக்கும்.

ஃபார்வேர்டு செய்வதில் கவனம் வேண்டும். 2018-இல் ஒரு முன்ஜாமீன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு செய்தியை ஃபார்வேர்டு செய்வது அதை ஏற்றுக்கொண்டு வழிமொழிவதற்குச் சமம் என்று சொன்னது. "நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்ற பதில் அங்கே நிற்கவில்லை. குரூப் அட்மினாக மட்டும் இருப்பவர் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். வேறு எந்தப் பங்கும் இல்லாமல் அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2021-இல் மதுரைக் கிளையும் 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன.

அரசு ஊழியர், அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் கயிறு இன்னும் குட்டை. 1973-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், அரசின் கொள்கையைப் பொதுவில் விமர்சிப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. "என் சொந்த அக்கவுண்ட், என் சொந்த நேரம்" என்பது அங்கே பதிலாகாது. அதற்காக வாயே திறக்கக் கூடாது என்பதும் இல்லை. அரசு ஊழியர் என்பதாலேயே பேச்சுரிமை பறிபோவதில்லை, நடத்தை விதிகளின் வரம்புக்குள் அது அவருக்கும் உண்டு என்று 2020-இல் திரிபுரா உயர் நீதிமன்றம், ஒரு ஃபேஸ்புக் பதிவு வழக்கில் சொன்னது. அது திரிபுராவின் தீர்ப்பு. இங்கே எடுத்துக்காட்டாக வைத்து வாதாடலாம், கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று கேட்க முடியாது.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொந்த வாட்ஸ்அப்

மூடிய குரூப்பில் எழுதியது மேனேஜர் மேசைக்கு எப்படிப் போகிறது? குரூப்பிலேயே இருக்கும் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுப்பது ஒரு வழி. இன்னொரு வழியை நாமே திறந்து வைக்கிறோம். பில்லிங் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்து, ஒரு பிடிஎஃப் இறக்கிவிட்டு, பிரௌசரை மட்டும் மூடிவிட்டு வீட்டுக்குப் போவோம். மூடினால் லாக்அவுட் ஆகாது. அடுத்த ஷிஃப்ட் ஆள் அதே பக்கத்தைத் திறந்தால் உங்கள் முழு உரையாடலும் அவர் முன்னால்.

இன்றே செய்ய வேண்டியது:

1. போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு "லிங்க்டு டிவைசஸ்" போங்கள். ஐபோனில் இது செட்டிங்ஸுக்குள் இருக்கும்.
2. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றிலும் கடைசியாக எப்போது பயன்பட்டது என்று இருக்கும். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரம் காட்டினால் யாரோ பார்த்திருக்கிறார்கள். முதலில் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு லாக்அவுட் கொடுங்கள். வரிசை மாறினால் ஆதாரம் போய்விடும்.
3. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனில் 6 இலக்கப் பின் வையுங்கள்.
4. பிரைவசியில் "குரூப்ஸ்" என்பதை "மை கான்டாக்ட்ஸ்" ஆக்குங்கள். தெரியாதவர் உங்களைக் கண்ட குரூப்பில் இழுத்துப்போடுவது நிற்கும்.
5. ஜிமெயிலிலும் பேஸ்புக்கிலும் இதே போல எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று பார்த்து மூடுங்கள். ஆபீஸ் பிரௌசரில் பாஸ்வேர்டு சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கள்.

உங்கள் சொந்த அக்கவுண்டை அனுமதியில்லாமல் திறந்து பார்ப்பது மேனேஜரே ஆனாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளுக்குள் வரக்கூடியது. உங்கள் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் 66-சி. ஆனால் ஆபீஸ் மெயில், ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் சிம் ஆகியவற்றில் இருப்பதை நிர்வாகம் பார்க்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் பெரும்பாலும் அந்த வரி இருக்கும். 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் வேலை சார்ந்த தேவைக்கும், நிறுவனத்தை இழப்பிலிருந்தும் ரகசியக் கசிவிலிருந்தும் காப்பதற்கும் ஊழியரின் தரவைச் சம்மதமின்றிக் கையாள இடம் கொடுக்கிறது. அந்த இடத்துக்கும் எல்லை உண்டு. உங்கள் கல்யாணப் பேச்சுவார்த்தை அதற்குள் வராது.

சொந்த ஆண்ட்ராய்டு போனில் கம்பெனி ஆப் போடச் சொன்னால், கேட்டுப் பாருங்கள்: "ஒர்க் புரொஃபைல்" முறையா, இல்லை முழுப் போனுக்கும் அட்மின் உரிமையா? ஒர்க் புரொஃபைலில் ஆபீஸ் ஆப்களில் சிறு பெட்டிப் படம் இருக்கும், கம்பெனி அந்தப் பகுதியை மட்டும்தான் அழிக்க முடியும். முழு அட்மின் உரிமை கொடுத்துவிட்டால், வேலையை விடும் அன்று பிள்ளையின் முதல் பிறந்தநாள் படமும் சேர்த்து அழிந்துபோகலாம். அப்படிக் கேட்டால் ஆபீஸ் போன் கேளுங்கள்.

மெமோ கைக்கு வந்தால்

முதலில் பதிவை அழிக்காதீர்கள். எல்லோரும் செய்யும் முதல் தவறு இதுதான். நிர்வாகத்திடம் ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் அழித்தால் முன்னும் பின்னும் இருந்த உரையாடல்தான் போகும், உங்களைக் காப்பாற்றக்கூடியது அதுதான். பொதுப் பதிவாக இருந்தால் யார் பார்க்கலாம் என்பதை "ஒன்லி மீ" ஆக்கி மறைத்து வையுங்கள், அதற்கு முன் தேதியும் பார்வையாளர் அமைப்பும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குரூப் என்றால் "எக்ஸ்போர்ட் சாட்" கொடுத்து உரையாடலை உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். தேதி, நேரத்தோடு எழுத்துக் கோப்பாக வரும். பெரிய குரூப் என்றால் பழைய பகுதி விட்டுப்போகும், ஆகவே தாமதிக்காதீர்கள். "டிஸ்அப்பியரிங் மெசேஜ்" போட்டிருந்தால் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

மெமோவில் எந்தப் பதிவு, எந்தத் தேதி, எந்த விதியை மீறியது என்று மூன்றும் இருக்கிறதா பாருங்கள். "நிறுவனத்துக்குக் களங்கம்" என்று மொட்டையாக இருந்தால், குறிப்பான பதிவின் நகலும் விதியின் நகலும் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுங்கள். அவகாசமும் அதே கடிதத்தில் கேளுங்கள். கடிதத்தின் இரண்டாம் பிரதியில் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து அனுப்புங்கள். "தம்பி, ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுதிக் கொடு, நான் பார்த்துக்கிறேன்" என்று பாசமாகக் கேட்கும் சூப்பர்வைசரிடம் அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். பிறகு விசாரணையில் குற்ற ஒப்புதலாக வைக்கப்படுவது அந்தக் கடிதம்தான்.

கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு இங்கே முக்கியம். தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் 1 மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நீக்க வேண்டுமானால், விசாரணை நடத்தி, போதிய சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். "நாளையிலிருந்து வராதே" என்று போனில் சொல்வது விசாரணை ஆகாது. நீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். விசாரணைக்காக சஸ்பெண்ட் செய்தால் தொழிலாளர் வரையறைக்குள் வருபவருக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகக் கிடைக்க வேண்டும்.

தொல்லை உங்களுக்கே வந்தால்

இரவு பதினொரு மணிக்கு "சாப்பிட்டாச்சா, டிபி நல்லா இருக்கு" என்று தொடங்கி, படிப்படியாக வேறு பக்கம் போகும் செய்தி. ஆபீஸ் நேரம் இல்லை என்பது அனுப்பியவருக்குத் தப்பிக்கும் வழி அல்ல. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும்; தலைவி மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள். முந்திரி ஆலை, சிறு கடை, வீட்டு வேலை என்று குழு இல்லாத இடத்திலும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

கெடு: கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம். காரணம் காட்டினால் குழு இன்னொரு 3 மாதம் நீட்டிக்கலாம். புகார் 6 பிரதி, ஆதாரங்களோடு. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போதே இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ கேட்கலாம். புகார் கொடுத்தவர், எதிர்த் தரப்பு, சாட்சிகள் பெயரை வெளியிட 16-ஆம் பிரிவு தடை போடுகிறது. ஆதரவு தெரிவிக்கிறேன் என்று சக ஊழியர் போடும் ஸ்டேட்டஸும் இந்தத் தடையில் சிக்கும்.

ஆதாரம் எடுப்பதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். ஸ்கிரீன்ஷாட்டின் மேலே "மேனேஜர் சார்" என்று உங்கள் போனில் சேமித்த பெயர் மட்டும் இருக்கும். எண் இருக்காது. எந்தச் சாரும் "அது நான் இல்லை" என்று சொல்லிவிடலாம். ஆகவே பெயரைத் தொட்டு, எண் தெரியும் பக்கத்தையும் எடுங்கள். இன்னும் நல்லது ஸ்கிரீன் ரெக்கார்டிங்: தேதி தெரியும்படி உரையாடலை மேலிருந்து கீழே உருட்டி, அப்படியே எண் பக்கத்துக்கும் போய் முடியுங்கள். ஒரு முறை மட்டும் பார்க்கும்படி வந்த படமாக இருந்தால் வேறு போனால் எடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பழைய போனை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுத்துவிடாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆதாரத்தோடு இரண்டு பகுதிச் சான்றிதழ் கேட்கிறது. ஒன்று கருவியை வைத்திருப்பவர் கொடுப்பது, இன்னொன்று நிபுணர் கொடுப்பது. கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் அதன் ஹேஷ் மதிப்பும் அதில் வரும். அசல் போன் கையில் இருந்தால் இதெல்லாம் எளிது.

அந்தரங்கப் படம், மார்பிங் படம் என்றால் நேரம் வேறு மாதிரி ஓடும். 1930-க்கு அழையுங்கள், மகளிர் உதவி எண் 181-ம் இருக்கிறது. தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு. படம் வந்த தளத்திலேயே ரிப்போர்ட் செய்யுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாளுக்குள் போகலாம். முக்கியமாக, "பாருங்க அக்கா, என்ன செய்திருக்கான்னு" என்று அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆபாசப் படத்தை அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67-ஏ பிரிவுகளில் குற்றம், அனுப்பியவர் பாதிக்கப்பட்டவரின் தோழியாக இருந்தாலும். போனை அதிகாரியிடம் நேரில் காட்டினால் போதும். சம்மதத்தோடு எடுத்த படமானாலும், பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவது நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றமாகும். இது பலருக்குத் தெரியாததால் புகாரே கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கடைக்காரரும் நிர்வாகமும்

ஆங்கிலத்தில் நாற்பது பக்கப் பாலிசி இறக்குமதி செய்து கையெழுத்து வாங்குவதால் பயனில்லை. அதை யாரும் படிக்க மாட்டார்கள், விசாரணையிலும் "எனக்குப் புரியவில்லை" என்பார்கள். தமிழில் ஒரே பக்கம் போதும். கடைக்குள் எங்கே படம் எடுக்கலாம், வாடிக்கையாளர் விவரம் எந்தப் போனில் மட்டும் இருக்கலாம், கடையின் பெயரில் யார் பதிவு போடலாம், நிர்வாகம் எந்தெந்தக் கருவியைக் கண்காணிக்கிறது, மீறினால் என்ன நடைமுறை. கடைசி இரண்டும் இல்லாத பாலிசிகள்தான் பிரச்சினையில் நிர்வாகத்தையே திருப்பி அடிக்கின்றன.

கேமரா எங்கே, யார் பார்ப்பது என்பதற்கு நேரம் செலவிடுங்கள். டிரையல் ரூம், உடை மாற்றும் அறை, கழிவறை, ஊழியர் ஓய்வறை, தாய்ப்பால் கொடுக்கும் இடம், பரிசோதனை அறை ஆகியவற்றில் கேமரா கூடவே கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஈ பிரிவும் நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவும் காத்திருக்கின்றன. மற்ற இடங்களில் "கண்காணிப்புக் கேமரா உள்ளது" என்ற பலகை வையுங்கள். கேமரா போட்டுக் கொடுத்தவர், காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியில் விட்டுச்சென்ற "அட்மின்" பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். 2025-இல் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனைக் காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கே போயின; எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுதான் வாசல் திறந்தது.

வேலைக்கு எடுக்கும்போது ஒருவரின் பொதுப் பதிவைப் பார்ப்பது ஒன்று, ஃபேஸ்புக் பாஸ்வேர்டு கேட்பது வேறு. பின்னதைச் செய்யாதீர்கள். ஊழியர் போனை வாங்கிக் கேலரியைத் தேடுவதையும் செய்யாதீர்கள். திருட்டுச் சந்தேகம் என்றால் போலீஸிடம் கொடுங்கள். சைபர் தாக்குதல், தரவுக் கசிவு நடந்தால் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு, அதன் 2022-ஆம் ஆண்டு உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டால் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சிறு கடைக்கு அவ்வளவு போடப்போவதில்லை, ஆனால் "நமக்கெல்லாம் பொருந்தாது" என்று சொல்ல அதில் வழி இல்லை.

ஊழியர் வேலையை விடும் அன்று: கடையின் இன்ஸ்டாகிராம், கூகுள் பிசினஸ் பக்கம், பில்லிங் ஆப் ஆகியவற்றின் பாஸ்வேர்டை அவர் கடையில் இருக்கும்போதே மாற்றுங்கள், குரூப்பிலிருந்து நீக்குங்கள், அவர் போனில் உள்ள வாடிக்கையாளர் விவரத்தை அவரே அழித்ததாக ஒரு வரி எழுதி வாங்குங்கள். பக்கத்தைத் தொடங்கியதே அவருடைய சொந்த எண்ணில் என்றால் பாடு அதிகம். பல கடைகள் இதில்தான் பக்கத்தையே இழக்கின்றன. தொடங்கும்போதே கடை எண்ணில் தொடங்கிவிடுங்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள்

மாவட்டத்திலிருந்து பலர் வெளிநாட்டில் இருப்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. மேலே சொன்ன "கொட்டித் தீர்க்கும் உரிமை" அங்கே கிடையாது. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் சட்டத்தில், அடுத்தவரை அனுமதியில்லாமல் படம் எடுத்து வெளியிட்டால் குறைந்தது 6 மாதச் சிறை, 1,50,000 முதல் 5,00,000 திர்ஹாம் வரை அபராதம், அல்லது இரண்டில் ஒன்று. வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்பும் வசைச்சொல்லுக்கும் வழக்கு வரும். குரல் செய்தியும் அதில் அடங்கும்.

லேபர் கேம்ப் அறையில் பத்துப் பேர் நெருக்கிப் படுத்திருப்பதை வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பத் தோன்றும். உள்ளே தூங்கும் மற்றவர்கள் முகம் அதில் இருக்கிறது, கம்பெனி பெயர்ப் பலகையும் இருக்கலாம். வெளியிட வேண்டாம். சம்பளப் பாக்கி, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது போன்ற குறைகளை வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" தளத்திலோ அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ பதியுங்கள். ஊரில் இருப்பவர்கள் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிடம் மனு கொடுக்கலாம். மனுவில் விசா எண், கம்பெனி பெயர், சம்பளம் நின்ற மாதம் மூன்றும் இருக்கட்டும். வீட்டில் இருப்பவர்களும் அந்த வீடியோவைக் கம்பெனியை டேக் செய்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட வேண்டாம். அதற்குப் பதில் சொல்லும்படி கூப்பிடப்படுவது அங்கே இருப்பவர்தான்.